கடைசிச் சுற்றில்தான் வேலை முகம் காட்டும்

வேலைக்கு விண்ணப்பித்து, எல்லாச் சுற்றுகளையும் தாண்டி, எந்தத் தேதியில் சேருவது என்று பேச்சு வந்த பிறகு "எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்று சொல்கிறவரை நம் பக்கத்தில் ஏறக்குறைய குற்றவாளியாகவே பார்க்கிறார்கள். வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அம்மா கேட்டாள், மாமா கேட்டார், அந்த நிறுவனத்தின் மனிதவள அதிகாரி கேட்டார், மூன்று வேலைகளில் தங்காமல் திரும்பி வந்த என் தம்பிகூடக் கேட்டான். முதலில் எப்படிச் சொல்வது? முதலில் எனக்குத் தெரிந்தது விளம்பரத்தில் இருந்த ஐந்தாறு வரிகள். அது என்ன வேலை என்று தெரிந்தது கடைசியில்தான்.

நான் மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஆய்வுக்கூடம் என்றதும் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குழாய்களும் நினைவுக்கு வரலாம். எங்களுடையது எடைமேடையை ஒட்டிய ஒரு தகரக் கூரை அறை. லாரியில் வரும் நெல் மூட்டைகளில் அங்கங்கே குத்தூசியைச் செருகி இழுத்து, தட்டில் கொட்டி, பதர் எவ்வளவு, கருக்காய் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. ஆலையின் மூத்த தொழிலாளி ஒருவர் இருக்கிறார். ஈரம் பார்க்கும் கருவி எண் காட்டுவதற்குள் இரண்டு நெல்லைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று உடைந்தால் தலையை ஆட்டுவார், நசுங்கினால் உதட்டைப் பிதுக்குவார். அநேகமாகக் கருவியும் அவரும் ஒத்துப்போவார்கள். ஒத்துப்போகாத நாளில் நான் முதலில் கருவியைத்தான் துடைத்துப் பார்ப்பேன்.

படித்தது தஞ்சாவூரில், உணவுத் தொழில்நுட்பம். அந்தக் கல்வி நிறுவனம் திருவாரூரில் ஒரு நவீன அரிசி ஆலையின் ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டு ஈர நெல் வீணாவதற்கு வழி தேடித்தான் அந்த ஆராய்ச்சியே பிறந்தது. 1984இல் தஞ்சாவூருக்கு இடம் மாறி, பெயர்கள் பல மாறி, 2021இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகிவிட்டது. என்னோடு படித்தவர்களில் பலர் பெங்களூர், ஹைதராபாத் என்று கிளம்பிவிட்டார்கள். நான் இங்கே தங்கியதற்கு இலட்சியம், கொள்கை என்று எதுவும் கிடையாது. படித்து முடித்த வருடம் கையில் கிடைத்த வேலை இதுதான்.

அந்தப் புது வேலை மாமா மூலமாக வந்தது. பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரம் செய்கிறார். பாக்கெட் அரிசி, அரிசி மாவு, அவல் என்று விற்கும் ஒரு நிறுவனத்தின் விநியோகஸ்தர் அவருக்குச் சிநேகிதர். தர உறுதிப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள், உன் மருமகளின் விவரத்தை அனுப்பு என்று அவர் கேட்க, மாமா என்னைக் கேட்காமலேயே அனுப்பிவிட்டார். பிறகு கேட்டார். எனக்கும் ஆசை இருந்தது. சம்பளம் இப்போதையதைவிட இரண்டு மடங்குக்குக் கிட்டத்தட்ட, பணியிடம் சென்னை, பதவியின் பெயரில் மேலாளர் என்ற சொல் வேறு. ஆடிப்பெருக்கை ஒட்டி முறைப்படி விண்ணப்பம் போட்டேன்.

அதன் பிறகு எது எந்த வரிசையில் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு. இப்போது என்ன சம்பளம், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், எத்தனை நாளில் விடுபட்டு வர முடியும், கல்யாணம் எப்போது. கடைசிக் கேள்விக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை, நம் ஊரில் பஸ் நடத்துநர்கூடக் கேட்கும் கேள்விதானே அது. அடுத்து இணையவழி எழுத்துத் தேர்வு. அடுத்து காணொளியில் இரண்டு பேர் மாறி மாறிக் கேட்ட தொழில்நுட்பக் கேள்விகள். அதன் பிறகு ஒரு கற்பனை ஆலையைக் கொடுத்து, அதன் தரக் குறைகளைப் பற்றி அறிக்கை எழுதி அனுப்பச் சொன்னார்கள். ஆலை வேலை முடிந்து வந்து இரவு இரவாக உட்கார்ந்து எழுதினேன். பிறகு சான்றிதழ்கள், சம்பளச் சீட்டுகள், முந்தைய இடத்தில் விசாரிக்க இரண்டு பேரின் எண்கள். பிறகு மருத்துவப் பரிசோதனை. இத்தனையும் முடிந்தபோது என் ரத்த வகை வரை அவர்களுக்குத் தெரியும். அவர்களைப் பற்றி எனக்கு அந்த ஐந்தாறு வரிகளுக்கு மேல் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

சம்பளம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று சொல்லியிருந்தார்களே! ஆனால் அந்தத் தொகை நிறுவனம் என் பேரில் செய்யும் மொத்தச் செலவு. வருங்கால வைப்பு நிதிக்கு அவர்கள் போட வேண்டிய 12 சதவீதம், ஐந்து வருடம் இருந்தால் கிடைக்கக்கூடிய பணிக்கொடைக்காக அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், காப்பீட்டுத் தவணை, வந்தாலும் வரும் வராமலும் போகும் ஊக்கத்தொகை என எல்லாவற்றையும் கூட்டிக் காட்டிய எண். மாதம் கையில் வருவது எவ்வளவு என்று அந்த மனிதவள அதிகாரியிடம் கேட்டபோது "அதெல்லாம் கடைசிக் கட்டத்தில் விளக்குவார்கள் மேடம்" என்றார். கடைசிக் கட்டம் என்ற சொல்லை அன்றைக்கே நான் சற்று உற்றுக் கேட்டேன்.

கடைசிக் கட்டம் சென்னையில். மன்னை எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, விடியற்காலை எழும்பூரில் இறங்கி, சிநேகிதி வீட்டில் குளித்துவிட்டுப் போனேன். நான் யாரிடம் வேலை பார்க்கப் போகிறேனோ அவரைப் பார்த்தது அன்றுதான். மரியாதையான மனிதர், குறை சொல்ல முடியாது. தேநீர் வரவழைத்தார். முதல் ஒன்றரை வருடம் சென்னையில் இல்லை, நிறுவனத்துக்கு அரிசி அரைத்துக் கொடுக்கும் ஒப்பந்த ஆலைகள் வேறு மாநிலத்தில் இருக்கின்றன, அங்கேதான் இருக்க வேண்டும் என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். இரண்டு வருடத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு பத்திரம் வேறு. இவை இரண்டையும்கூட நான் விழுங்கியிருப்பேன்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "ஒரு லாரி சரக்கு தயாராக நிற்கிறது. நொய் சதவீதம் நம் அளவைவிடக் கொஞ்சம் கூடுதல். வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார். என்ன செய்வீர்கள்?" சரக்கை நிறுத்திவைப்பேன், மறுபடி சலிக்கச் சொல்வேன் என்றேன். சிரித்தார். "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். இங்கே லாரி நிற்கக்கூடாது. அறிக்கையை லாரி போன பிறகு சரிசெய்துகொள்ளலாம்." அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஒரு புதியவருக்கு வேலையைக் கற்றுக்கொடுக்கும் தொனியில்தான் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது. நொய் கூடிப்போனால் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் லாரி போன பிறகு எழுதும் அறிக்கைக்கு நான் எதற்கு? கையெழுத்து நன்றாக இருக்கும் யாராவது போதுமே.

திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். ஊரில் எல்லோரும் வேறு காரணம் கற்பித்துக்கொண்டார்கள். வயலை விட்டுப் போக மனமில்லை, அப்பாவைத் தனியே விட மனமில்லை, காவிரித் தண்ணீர் குடித்த உடம்பு வெளியூரில் தரிக்காது என்றெல்லாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. எங்கள் ஒன்பது மா நிலத்தை அப்பா நான் இல்லாமலும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார். காவிரி என்னைப் பிடித்து வைக்கவில்லை. அந்த நொய் சதவீதம்தான் பிடித்து வைத்தது.

அப்பா மட்டும் வேண்டாத கேள்வி எதுவும் கேட்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்த நாட்களில்தான் அவர் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிக் குவித்துவிட்டு, இரவில் தார்ப்பாய் போர்த்தி, பகலில் பிரித்துக் காயவைத்து, முறை வருவதற்காகக் காத்திருந்தார். ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அடைமழைக் காலத்தில் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும் டெல்டாவில் அடிக்கடி நடப்பது. அப்பாவின் குவியலில் கருவியை வைத்ததே அவருடைய முறை வந்த அன்றுதான். ஈரம் கூடுதல், காயவைத்துக் கொண்டு வாருங்கள் என்றார்கள். கொட்டிய அன்றே பார்த்துச் சொல்லியிருந்தால் களத்திலேயே காயவைத்திருப்பார். ஆள் எடுக்கும் முறையும் இதேதான். எதைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டுமோ அதைக் கடைசிக்கு வைத்துவிட்டு, ஏன் கடைசியில் முடிவு செய்தாய் என்று கேட்கிறார்கள்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2021 முதல் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போடச் சொல்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 2023 செப்டம்பரில் அதே போன்ற சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய சம்பள வெளிப்படைத்தன்மை வழிகாட்டுதல், நேர்காணலுக்கு முன்பே ஆரம்பச் சம்பளத்தைச் சொல்ல வேண்டும், பழைய சம்பளம் என்ன என்று கேட்கவே கூடாது என்கிறது. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்கக் கொடுத்த கெடு 2026 ஜூன் 7. அவ்வளவு தூரம் போவானேன், நம் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். இளநிலை உதவியாளர், ஊதிய நிலை 8, ரூ.19,500 முதல் ரூ.71,900 வரை என்று விண்ணப்பிப்பதற்கு முன்பே அச்சில் இருக்கும். அரசு வேலைக்கு நம் பிள்ளைகள் வருடக்கணக்காகத் தவம் கிடப்பதற்கு ஓய்வூதிய ஆசை மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதாவது அதில் தெரியும்.

சட்டப்படி பார்த்தாலும் கடைசி நேரத்தில் விலகுவது பாவகாரியம் அல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, நிறுவனம் அனுப்பும் பணி வாய்ப்புக் கடிதம் ஒரு முன்மொழிவு. நாம் சரி என்று சொல்லாதவரை நம்மைக் கட்டுப்படுத்த அதில் ஒன்றும் இல்லை. சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அது ஒப்பந்தம், அதில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். அப்போதும்கூட இந்த ஆள் இந்த வேலையைப் பார்த்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போடுவதில்லை. ஒருவரின் சொந்தத் திறமையை நம்பிய ஒப்பந்தங்களை அப்படிக் கட்டாயப்படுத்த 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் கொடுக்காது. பணம் கேட்கலாம், அதுவேறு. சேர்ந்த பிறகு விலகினால்தான் கதை மாறும். மூன்று வருடத்துக்கு முன் போனால் இரண்டு லட்சம் ரூபாய் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்டிருந்த நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துவிட்டு முழிப்பதைவிட, சேருவதற்கு முந்தைய வாரம் கெட்ட பெயர் வாங்கிக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒன்று. விலகுவது தாமதமாகலாம், சொல்வது தாமதமாகக்கூடாது. நிறுவனத்துக்காக இதைச் சொல்லவில்லை. அதற்கு மனிதவளப் பிரிவு இருக்கிறது, பார்த்துக்கொள்ளும். இரண்டாவதாகத் தேறிய ஒருவர் எங்கோ இருப்பார். வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் இதற்கென்றே காத்திருப்புப் பட்டியல் வைக்கிறது. யாராவது சேராமல் போனால் அதிலிருந்து கூப்பிடுவார்கள். தனியார் நிறுவனத்தில் அந்தப் பட்டியல் யார் கண்ணிலும் படாது, ஆனால் இருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த இரண்டாமவர் வேறு ஏதாவது வேலையில் விருப்பமில்லாமல் சேர்ந்துவிடக்கூடும்.

என் சித்தி மகன் மென்பொருள் துறையில் இருக்கிறான். அவன் துறையில் விலகல் அறிவிப்புக் காலம் 90 நாள் என்பது பல இடங்களில் வழக்கம். அந்த மூன்று மாதத்தில் கையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு அதைக் காட்டி இன்னொன்று, அதைக் காட்டி மற்றொன்று என்று சேர்ப்பார்களாம். கடைசியில் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டு மற்றவர்களின் தொலைபேசியை எடுக்காமல் விட்டுவிடுவார்களாம். பாதிப் பேருக்குப் பாட்டி இறந்துவிடுவாளாம். அவன் கணக்கில் எங்கள் பாட்டி ஏற்கெனவே ஒருமுறை காலமாகிவிட்டாள். கிழவி வாசல் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். மூன்று மாதம் ஆளைக் கட்டிப்போடும் வழக்கத்தை நிறுவனங்கள்தானே உண்டாக்கின, அதற்கேற்ற விளைச்சல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் தொலைபேசியை எடுக்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு நிறுவனத்திடம் சொல்வதைவிட மாமாவிடம் சொல்வதுதான் மலையாக இருந்தது. சிபாரிசில் போகும் வேலையில் நாம் விலகும்போது நம்முடைய பெயர் மட்டும் விலகுவதில்லை. அதனால் நிறுவனத்துக்கு எழுதுவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும், வேறு யார் வாயிலிருந்தும் அவர் கேட்கக்கூடாது என்று தீர்மானித்தேன். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"மாமா, அந்த வேலைக்கு நான் போகவில்லை."

"ஏனம்மா, சம்பளம் போதவில்லையா? நான் பேசுகிறேன்."

"சம்பளம் இல்லை மாமா. சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை என்றார்கள். பார்க்காமல் போடச் சொல்கிறார்கள்."

சற்று நேரம் பேச்சில்லை. லாரியில் தேங்காய் ஏற்றும் ஆட்கள் எண்ணும் சத்தம் மட்டும் கேட்டது. "அவன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?" என்றார். நானே அவருக்குப் போன் செய்து சொல்கிறேன், உங்கள் பெயருக்குப் பழுது வராமல் பேசுகிறேன் என்றேன். "ஒன்றும் வேண்டாம்" என்று வைத்துவிட்டார். அவருடைய பேரனின் காதுகுத்துக்கு நாங்கள் பட்டுக்கோட்டை போகும்வரை என்னோடு பேசவில்லை. அங்கேயும், இலையில் பாயசம் போடச் சொல்லி என்னைக் கை காட்டியதோடு சரி.

அம்மாவின் பிரச்சினை வேறு மாதிரி. இந்த வேலைக்காக வியாழக்கிழமைதோறும் நீடாமங்கலம் தாண்டி ஆலங்குடி போய் குரு பகவானுக்கு நெய் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். கிடைத்தால் அபிஷேகம் செய்வதாக வேண்டுதல். இப்போது வேலை கிடைத்ததா, கிடைக்கவில்லையா? கடிதம் வந்துவிட்டது, ஆகவே சாமி கொடுத்துவிட்டார், வேண்டாம் என்றது நீதானே என்று அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு அபிஷேகத்துக்குப் பணம் கட்டினாள். ஒப்பந்தச் சட்டத்தைப் படிக்காதவள், ஆனால் யார் பக்கம் ஒப்பந்தம் முடிந்தது என்பதில் தெளிவாக இருந்தாள்.

நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சல் சிறியதுதான். வாய்ப்புக்கு நன்றி, இந்தப் பணியில் சேர இயலவில்லை, பணியிடமும் பணியின் தன்மையும் விளம்பரத்தில் இருந்ததிலிருந்து வேறுபட்டிருப்பதே காரணம், வேறொருவரை உடனே அழைக்க ஏதுவாக இருக்கட்டும் என்று இன்றே தெரிவிக்கிறேன். நொய் பற்றி எழுதவில்லை. அந்த மேலாளரை மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை, எழுதியிருந்தாலும் யாரும் அவரைக் கேட்டிருக்கப் போவதில்லை. அனுப்பிய சிறிது நேரத்தில் மனிதவள அதிகாரி கூப்பிட்டார். முதலில் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டலாம் என்றார். பிறகு சென்னையிலேயே இருக்க ஏற்பாடு செய்ய முடியுமா பார்க்கிறேன் என்றார். இது முடிகிற காரியமாக இருந்தால் முன்பே ஏன் சொல்லவில்லை என்று நாக்கு நுனி வரை வந்தது. கடைசியில், இனி எங்கள் நிறுவனத்தில் உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க மாட்டார்கள் மேடம் என்றார். சரி என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்.

சமீபத்தில் எங்கள் ஆலையின் ஆய்வுக்கூடத்துக்கே ஓர் உதவியாளர் தேவைப்பட்டது. அறிவிப்பை எழுதும் வேலை என்னிடம் வந்தது. இடம், சம்பளம் கையில் எவ்வளவு, இரண்டு ஷிப்ட், அறுவடைக் காலத்தில் ஞாயிறு விடுமுறை கிடையாது என்று எல்லாவற்றையும் முதல் நான்கு வரிகளில் போட்டேன். முதலாளி சம்பள வரியை அடிக்கச் சொன்னார். "பக்கத்து ஆலைக்காரன் பார்த்தால் என்ன நினைப்பான்?" நம் ஆட்களே பார்த்துவிட்டுக் கூட்டிக் கேட்பார்கள் என்பதுதான் உள்ளே இருந்த பயம் என்று எனக்குத் தெரியும். சம்பளம் போடாமல் அறிவிப்புப் போனால் நேர்காணலை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்றேன். வரி தப்பித்தது.

குடவாசல் பக்கத்துப் பையன் ஒருவன் தேறினான். திங்கட்கிழமை சேர வேண்டும், ஞாயிறு மாலை கூப்பிட்டான். "அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஷிப்ட் இரவு பத்துக்கு முடியும் என்று நேற்றுதான் உங்கள் கணக்கர் சொன்னார். அந்த நேரத்தில் எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது." இரண்டு ஷிப்ட் என்று எழுதிய நான் மணியை எழுதவில்லை. முதலாளி குதித்தார். நான் அப்போதே பட்டியலில் அடுத்து இருந்த வடுவூர்ப் பெண்ணைக் கூப்பிட்டேன். ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. அவளிடம் ஸ்கூட்டர் இருந்தது, புதன்கிழமை வந்து சேர்ந்துவிட்டாள்.

எங்கள் ஆலையில் இதுவரை நியமனக் கடிதம் என்று ஒன்று யாருக்கும் கொடுத்ததில்லை. எனக்கும் இல்லை. "நாளையிலிருந்து வந்துவிடு" என்பதுதான் நியமனம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. அதைச் சொல்லி, ஒரு மாதிரிக் கடிதத்தை அச்செடுத்து முதலாளியின் மேசையில் வைத்திருக்கிறேன். வேலை நேரம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது, அதை அவர்தான் நிரப்ப வேண்டும். பொங்கல் கழியட்டும் என்கிறார்.